லத்தீன் காதல் கவிதையில் ஒரு வினைச்சொல் ஐயம்

கேள்வி (முத்தியால்பேட்டை, புதுச்சேரி):
அனைவருக்கும் வணக்கம். பள்ளியில் பிரெஞ்சு படித்த நான் ஓராண்டாக லத்தீன் பயில்கிறேன். வேற்றுமை வாய்பாடுகளை மட்டுமே மனப்பாடம் செய்து சலித்துப்போய், பண்டைய ரோமானியக் கவிஞர் கட்டுல்லுஸின் 85ஆம் பாடலை, இரண்டே அடிகள்தானே என்ற துணிவில், தமிழாக்க முயன்றேன். 'ஓடி எட் அமோ' என்பது 'வெறுக்கிறேன், காதலிக்கிறேன்' என எளிதில் வந்துவிட்டது. அடுத்துள்ள 'க்வாரே இட் ஃபகியம்' என்பதை 'ஏன் அதைச் செய்வேன்' என்று எழுதினேன். மற்ற வினைகளெல்லாம் நிகழ்காலத்தில் நிற்க, இது மட்டும் எதிர்காலத்துக்குத் தாவுவது உறுத்துகிறது. எங்கே தவறினேன்?

மறுமொழி (மஞ்சக்குப்பம், கடலூர்):
தங்கள் ஐயம் நியாயமானது. 'ஃபகியம்' என்பது தன்மை ஒருமையில் எதிர்காலத்துக்கும் சப்ஜங்டிவுக்கும் (சார்பு வாக்கியம், விருப்பம், அழைப்பு போன்றவற்றில் வரும் வினைவடிவம்) பொதுவான வடிவம். இங்கே இருப்பது இரண்டாவது. 'ஏன்' என்னும் வினா, 'கேட்கிறாய்' போன்ற இன்னொரு வினையைச் சார்ந்து நிற்கும்போது, லத்தீனில் அதற்குள் இருக்கும் வினை சப்ஜங்டிவாக மாறியாக வேண்டும். தமிழில் அந்த வேலையை 'என்று' பார்த்துக்கொள்வதால் வினை மாறுவதில்லை. பிரெஞ்சு இவ்விடத்தில் கைகொடுக்காது; அங்கே இத்தகைய வாக்கியத்தில் சாதாரண நிகழ்காலமே வரும்.

பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான பாடலை நான் கண்டதில்லை. 14 சொற்களில் 8 வினைகள். 'இட்' என்ற சுட்டைத் தவிரப் பெயர்ச்சொல்லே கிடையாது. 'நான்' என்பதைத் தமிழைப் போலவே விகுதி சொல்லிவிடுகிறது. 'ஓடி' வடிவத்தில் முடிந்த காலம், பொருளில் நிகழ்காலம். இறுதிச் சொல்லான 'எக்ஸ்க்ருகியோர்' சிலுவையைக் குறிக்கும் 'க்ருக்ஸ்' என்பதிலிருந்து பிறந்த செயப்பாட்டு வினை. ஆகவே 'வருந்துகிறேன்' என்று எழுதினால் போதாது.

மறுமொழி (லாஸ்பேட்டை, புதுச்சேரி):
அடுத்ததாக ஐந்தாம் பாடலின் முதலடியை எடுத்துக்கொள்ளுங்கள். 'வீவாமுஸ்', 'அமேமுஸ்' இரண்டும் அழைப்புகள். நம் 'வாழ்வோம்' எதிர்காலத்தையும் அழைப்பையும் ஒருசேரத் தாங்குகிறது. லத்தீனிலோ எதிர்காலம் 'வீவேமுஸ்', அழைப்பு 'வீவாமுஸ்'. 'அமாமுஸ்' என்றால் காதலிக்கிறோம், 'அமேமுஸ்' என்றால் காதலிப்போம், வா. ஓர் உயிரொலிதான் வேறுபாடு என்பதால் வாய்விட்டுப் படிப்பது அவசியம். 'ஃபகியம்' என்பதைத் தேவாலய உச்சரிப்பு முறையில் 'ஃபாச்சியம்' என்று கேட்டுப் பழகியிருந்தாலும் குற்றமில்லை. ஒரே முறையைக் கடைப்பிடியுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மீண்டும் படித்தபோது, 85ஆம் பாடலில் 'ஃபகியம்' என்னும் செய்வினைக்குக் கவிஞர் தரும் விடையில் அதன் செயப்பாட்டு வடிவமான 'ஃபியெரி' வருவதைக் கவனித்தேன். ஏன் செய்கிறாய் என்றால், தானாக நிகழ்கிறது என்கிறார். திருத்திய வடிவம் இது:

வெறுக்கிறேன், காதலிக்கிறேன். ஏன் இப்படிச் செய்கிறேன் என்று ஒருவேளை கேட்பாய்.
அறியேன், ஆயினும் அது நிகழ்வதை உணர்கிறேன், வதைபடுகிறேன்.