கருவாட்டுக்கு உப்பு: கைக்கணக்கா, தராசா?

முதுநகர்வாசி:
கடலூர் துறைமுகத்துல ஏலம் எடுத்து நெத்திலியும் பாறை மீனும் கருவாடு போடுறோம். உப்பு அள்ளுறதுலேருந்து காய்ஞ்சுதான்னு பார்க்குற வரைக்கும் வீட்டுப் பெரியவங்க கைக்கணக்குதான். ஒரு சரக்கு நல்லா வருது, அடுத்த சரக்குல பாறை மேல இளஞ்சிவப்பா வழவழன்னு படியுது. ஐப்பசி பொறந்தா காய்ஞ்சு கட்டி வச்சதும் கசியுது. ஏலத்துல எந்த விலை வரைக்கும் போகலாம்னும் பிடிபடல. கைக்கணக்கை விட்டுட்டு எல்லாத்தையும் எடை போட்டே செய்யணுமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

உப்பங்கழி:
முதலில் அந்த இளஞ்சிவப்பு. உப்பு குறைந்ததால் அது வருவதில்லை, உப்போடு சேர்ந்தே வருகிறது. உப்பளத்தில் நீர் சுண்டும்போது சில பாத்திகள் சிவந்து கிடக்குமே, அதே வகை நுண்ணுயிர்தான். அது உப்பில்தான் வாழும், நல்ல தண்ணீர் பட்டால் உடைந்து செத்துவிடும். ஆகவே தொட்டி, பலகை, கத்தி எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவி வெயிலில் காய வையுங்கள். பலர் உப்புத் தண்ணீரிலேயே கழுவுகிறார்கள், அது அதற்கு விருந்து. போன சரக்கில் மிஞ்சிய உப்பையும் ஊறல் நீரையும் மறுபடி பயன்படுத்தவே கூடாது. எனக்குத் தெரிந்து பாதிப் பேருக்குச் சிக்கல் இந்த மிச்ச உப்பில்தான். கொஞ்சமாகப் போடுகிறவர்கள் உப்பை இரும்புச் சட்டியில் நன்றாகச் சூடேற வறுத்து ஆற வைத்தும் போடலாம்.

அளவு: பாறையை முதுகுப் பக்கம் பிளந்து, குடல், செவுள், வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புச் சவ்வு எல்லாம் எடுத்து, முள்ளோரம் ஓடும் ரத்தக் கோட்டை நகத்தால் சுரண்டுங்கள். கழுவி அரை மணி நேரம் வடியவிட்டு, பிறகு எடை போடுங்கள். 4 கிலோவுக்கு 1 கிலோ உப்பு. தடிமனான இடத்தில் விரற்கடை இடைவெளியில் கீறிவிட்டு கீறலுக்குள் உப்பைத் திணிக்க வேண்டும். தொட்டியின் அடியில் ஒரு படுகை உப்பு, தோல் கீழே இருக்க மீன், மேலே உப்பு என்று அடுக்கி, கடைசி வரிசையை மட்டும் தோல் மேலே பார்க்கக் கவிழ்த்துப் பாரம் வையுங்கள். மறுநாள் மீன் தன் நீரிலேயே மூழ்கியிருக்க வேண்டும். நீருக்கு மேல் எட்டிப் பார்க்கும் துண்டுதான் முதலில் கெடும். ஒன்றரை நாள் ஊறல் போதும், பெரிய மீனுக்கு இரண்டு நாள்.

கைக்கணக்கை விட வேண்டாம், அதை எடை போட்டுப் பாருங்கள். பெரியவரை உப்பு பத்துப் பிடி அள்ளச் சொல்லி ஒவ்வொன்றையும் தராசில் வையுங்கள். காய்ந்த கைப்பிடி ஒரு எடை, மீன் தொட்ட ஈரக்கை ஒரு எடை. கல்லுப்புப் பிடியும் தூளுப்புப் பிடியும் ஒன்றாக வராது. “அதே கைதானே” என்கிற இடத்தில்தான் சரக்குக்குச் சரக்கு மாறுகிறது.

கசிவுக்குக் காரணம் காற்று. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுக்கும். மழை மாதங்களில் நம் கடற்கரையில் இராப்பொழுது முழுக்க அதற்கு மேல்தான் நிற்கும். கழுவாத கல்லுப்பில் மெக்னீசிய உப்புகளும் கலந்திருக்கும், அவை இன்னும் முன்னதாகவே இழுக்கும், கசப்பும் தரும். மூட்டையை அடியில் சொட்டவிட்டுச் சில மாதம் வைத்த பழைய உப்பு நல்லது என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான், கசிந்து போவது அந்தக் கசப்புநீர். சிறிய ஈரப்பதமானி ஒன்றைக் கொட்டகையில் மாட்டுங்கள். முள் 70ஐத் தொட்டதும் சரக்கை உள்ளே எடுத்து மூடிவிடலாம்.

காய வைக்கும்போது மணல் வேண்டாம், இடுப்பளவு உயரத்தில் வலை கட்டிய பரண். சித்திரை வெயிலில் பாறையை முதல் நாள் உச்சியில் போட்டால் மேல்தோல் இறுகி உள்ளே ஈரம் சிறைப்பட்டுவிடும். 11 மணிக்கு மேல் நிழல் கொடுங்கள். மாலையில் அடுக்கித் தார்ப்பாய் மூடிப் பாரம் வையுங்கள். காலையில் தொட்டால் மேல்புறம் திரும்ப ஈரமாக இருக்கும். பயப்பட வேண்டாம், உள்ளீரம் வெளியே வந்திருக்கிறது.

தராசுமுள்:
ஏலக் கணக்கை நான் சொல்றேன். பச்சை நெத்திலியில சுமார் 78 விழுக்காடு தண்ணி. 100 கிலோவுல கெட்டிப்பொருள் 22 கிலோ. ஈரம் 15 விழுக்காடு வர்ற வரைக்கும் காய வச்சா கையில நிக்கிறது 26 கிலோ. 25லேயே நிறுத்தினா 29 கிலோ. அந்த 3 கிலோவுக்கு ஆசைப்பட்டா ரெண்டே வாரத்துல பூஞ்சை பிடிச்சு மொத்தமும் கோழித்தீவனத்துக்குப் போகும்.

உதாரணத்துக்கு, கருவாடு கிலோ 400க்குப் போகும்னு வைங்க. 26 கிலோவுல உடைசல், தூள்னு 5 விழுக்காடு கழிச்சா 24.7 கிலோ, வரவு 9,880. ஐஸ், வண்டி, கூலி, தரகு எல்லாம் சேர்த்து 1,000. உங்களுக்கு 1,200 நிக்கணும்னா மீனுக்குக் கொடுக்கலாம்னு மிஞ்சுறது 7,680. ஆக கிலோவுக்கு 76 ரூபாய்தான் உச்சம். இந்த எண்ணை வீட்லயே எழுதிக்கிட்டுப் போங்க. ஏலம் கூறுற வேகத்துல போட முடியாத கணக்கு இது.

ஆனா இதுல ஒரு ஓட்டை இருக்கு. ஏலம் கூடைக் கணக்குல போகும்போது கூடையில எத்தனை கிலோன்னு கண்ணுதான் சொல்லணும். அடியில ஐஸும் தண்ணியும் எவ்வளவுன்னும் அதுதான் சொல்லணும். கண்ணைப் பழக்க ஒரே வழி: எடுத்த ஒவ்வொரு கூடைக்கும் முதல்ல மனசுல ஒரு எடை சொல்லுங்க, அப்புறம் தண்ணி வடிச்சு எடை போடுங்க, ரெண்டையும் நோட்டுல எழுதுங்க. முப்பது நாப்பது கூடைக்கப்புறம் உங்க கண்ணு எந்தப் பக்கம் சாயுதுன்னு தெரிஞ்சிடும். எப்பவும் 2 கிலோ கூடச் சொல்ற கண்ணுன்னா 2 கிலோ கழிச்சுக் கேட்டா முடிஞ்சது.

நெத்திலியில வயிறு பாருங்க. வெள்ளிக்கோடு பளிச்சுன்னு இருந்தும் வயிறு வெடிச்சிருந்தா கேட்காதீங்க. காயும்போது தலை கழண்டு அந்த 5 விழுக்காடு உடைசல் 15 ஆகும்.

முதுநகர்வாசி:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். நெத்திலிக்கு உப்புத்தண்ணி கலக்கும்போது முட்டை போட்டு மிதக்குதான்னு பார்க்குறோம். அது சரிதானா? நெத்திலியையும் ராத்திரி அடுக்கிப் பாரம் வைக்கணுமா?

அடுப்படி:
முட்டைச் சோதனை நல்ல சோதனைதான் தம்பி, முட்டை புதுசா இருந்தா. புது முட்டை மிதக்குதுன்னா உப்பு ஏறக்குறைய 10 விழுக்காட்டைத் தாண்டியாச்சு. பழைய முட்டைக்குள்ள காத்துப்பை பெருத்திருக்கும், அது உப்பு குறைவா இருக்கும்போதே மிதந்து ஏமாத்திடும். அதனால முதல்ல அதே முட்டையை நல்ல தண்ணியில போடுங்க. அடியில படுத்துக் கிடந்தா புதுசு, நிமிர்ந்து நின்னா வேற எடுங்க. இல்லைன்னா 9 லிட்டர் தண்ணிக்கு 1 கிலோ உப்புன்னு கரைச்சிட்டா வேலை முடிஞ்சது. அதுல நெத்திலி 15 நிமிஷம் கிடந்தா போதும், ஈ மொய்க்கிறதும் குறையும். கூட நேரம் போட்டா வறுக்கும்போது உப்புக் கரிக்கும்.

பாரம் வைக்கிறது பாறைக்குத்தான். நெத்திலி மேல வச்சா நசுங்கிடும். அதைப் பரப்பினபடியே கொட்டகைக்குள்ள எடுத்து மூடினா போதும், மெல்லிசு மீன், உள்ளீரம் சிறைப்படாது. காய்ஞ்சதுக்கு அடையாளம், கையில அள்ளிக் குலுக்கினா சலசலன்னு சத்தம் வரும், வளைச்சா பட்டுனு ஒடியும். கூடவே ஒரு தட்டுல 5 கிலோ தனியா காய வச்சு எடை பாருங்க. 1.3, 1.4 கிலோவுக்கு வந்ததும் அந்தச் சத்தத்தைக் கேட்டு வச்சுக்குங்க. அடுத்த தடவை காதே சொல்லிடும்.

பாறையில தோலைத் தொட்டுப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. தடிச்ச இடத்துல கட்டை விரலால அழுத்துங்க, பள்ளம் விழக் கூடாது. ஒரு துண்டை முள்ளோரம் வெட்டி, நடுவுல கண்ணாடி மாதிரி ஈரமா மின்னுதான்னும் பாருங்க. அப்புறம் அதே துண்டை வெந்நீர்ல கால் மணி நேரம் ஊற வச்சு, கழுவி, எண்ணெயில போட்டுப் பாருங்க. இழை இழையா பிரியணும். நடு மட்டும் கூழாச்சுன்னா அந்தச் சரக்கு இன்னும் ஒரு நாள் பரண்ல கிடக்கட்டும்.

தராசுமுள்:
அக்கா சொன்ன தட்டுக் கணக்கோட இன்னொண்ணு. விசைப்படகுக்குத் தடை ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள். மாசி, பங்குனியில காய்ஞ்ச நெத்திலியை அதுவரைக்கும் வச்சிருந்தா புதுச்சேரி பெரிய மார்க்கெட்ல நல்லா பேரம் பேசலாம். சூடு ஆறினப்புறம் தடிச்ச பாலிதீன் பையில காத்தை அழுத்தி எடுத்துக் கட்டுங்க, வெறும் சாக்கு வேண்டாம். மத்தி, கவலை மீனை அப்படி வைக்காதீங்க. எண்ணெய் மீன், மஞ்சளாகிக் காறல் நாத்தம் வந்துடும், அதைக் காய்ஞ்ச வாரத்துலயே தள்ளிடுங்க.