ஜப்பானில் படித்தவர்களே, உங்கள் சென்செய் எப்படி இருந்தார்?

தொடங்கி வைப்பவர்: நாராவில் படித்து, இப்போது ஒசாகாவில் வேலை

ஜப்பானில் மேற்படிப்பு பற்றி என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் தொடங்குகிறார்கள். தோக்கியோ கிடைக்குமா, கியோத்தோ கிடைக்குமா, தரவரிசையில் கீழே இருக்கும் இடத்துக்குப் போனால் வீணா என்று. யாரிடம் படிக்கப் போகிறோம் என்ற கேள்வி கடைசியில் வருகிறது, சில சமயம் வருவதே இல்லை. முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் வருகிறவர்கள் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். இங்கே மாணவர் ஒரு சென்செயின், அதாவது பேராசிரியரின், லேபில் (ஆய்வுக்குழுவில்) சேர்கிறார். துறையும் பல்கலைக்கழகமும் அதற்குப் பின்னால்தான். உட்காரும் மேசை, செய்யும் ஆய்வு, போகும் மாநாடு, பிறகு வேலைக்கான பரிந்துரைக் கடிதம் வரை அந்த ஒரு சென்செயைச் சுற்றியே நடக்கிறது. அதனால் படித்தவர்களும் படித்துக்கொண்டிருப்பவர்களும் உங்கள் சென்செயோடு ஏற்பட்ட அனுபவத்தை எழுதுங்கள். குறை சொல்வதானால் பெயரும் இடமும் வேண்டாம்.

நான் படித்தது நைஸ்ட், அதாவது நாரா அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம். 1991இல் தொடங்கிய தேசியப் பல்கலைக்கழகம். இளங்கலை கிடையாது, முதுகலையும் முனைவர் பட்டமும் மட்டும். நாரா மாநிலத்தில் இக்கோமா நகரின் தாகாயாமா பகுதியில் இருக்கிறது. தேநீர்ச் சடங்கில் பொடியைக் கலக்கும் மூங்கில் கருவிக்குப் பேர்போன இடம் அது. எங்கள் ஊரில் இந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் யாருக்கும் தெரியாது. சொந்தக்காரர்களுக்கு விளக்கிச் சொல்லவே அப்பா சிரமப்பட்டார். ஆனாலும் அங்கே போனேன், ஏனென்றால் என் கல்லூரி ப்ராஜெக்ட்டில் பயன்படுத்திய முறையை உருவாக்கியவர் அங்கே இருந்தார்.

என் முதல் மின்னஞ்சலுக்கு அவர் எழுதிய பதிலில் மதிப்பெண் பற்றி ஒரு சொல்கூட இல்லை. என் ப்ராஜெக்ட் அறிக்கையில் ஒரு வரைபடத்தைக் காட்டி, இந்த இரண்டு புள்ளிகள் மட்டும் ஏன் கோட்டிலிருந்து விலகி நிற்கின்றன என்று கேட்டிருந்தார். அதை நானே கவனித்திருந்தேன், ஆனால் கல்லூரியில் யாரும் கேட்கவில்லை. எனக்குத் தோன்றிய காரணத்தையும், அதைச் சோதிக்க என்ன செய்யலாம் என்பதையும் எழுதினேன். அதன் பிறகுதான் வீடியோ நேர்காணலுக்கு அழைத்தார்.

லேபில் சேர்ந்த பிறகு வாராவாரம் ‘ஜெமி’ என்னும் ஆய்வுக்கூட்டம். அவரவர் முறை வரும்போது செய்த வேலையைச் சொல்ல வேண்டும். ஒரு A4 தாளில் அடங்க வேண்டும் என்பது அவர் விதி. அந்த ஒரு தாளுக்குள் எழுதப் பழகியதுதான் பின்னால் ஆய்வுக்கட்டுரை எழுதும்போது எனக்குக் கைகொடுத்தது. கருவிகளை இயக்கக் கற்றுக்கொடுத்தது சென்செய் இல்லை, எனக்கு மூத்த ஒரு ஜப்பானிய மாணவர். அது இங்கே வழக்கம்: செம்பாய் (மூத்த மாணவர்) சொல்லித்தருவார், பிறகு நீங்கள் அடுத்து வருபவருக்குச் சொல்லித்தர வேண்டும்.

ஒரு சம்பவத்தைச் சொல்லியே ஆக வேண்டும். சப்போரோவில் மாநாடு, என் ஆய்வை விளக்கும் போஸ்டர் ஏற்கப்பட்டிருந்தது. கிளம்புவதற்குச் சற்று முன்பு அப்பாவை மருத்துவமனையில் சேர்த்துவிட்டதாக வீட்டிலிருந்து போன். தயங்கித் தயங்கிப் போய்ச் சொன்னேன். இன்றே டிக்கெட் போடு என்றார், வேறு எதுவும் கேட்கவில்லை. மாநாட்டில் என் போஸ்டருக்குப் பக்கத்தில் அவரே நின்று விளக்கியிருக்கிறார். யார் யார் என்ன கேள்வி கேட்டார்கள், தான் என்ன பதில் சொன்னேன், எதற்குப் பதில் தெரியவில்லை என்று கையால் எழுதி, ஸ்கேன் செய்து அனுப்பினார். நான் திருச்சி மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து அதைப் படித்தேன். அதில் பதில் தெரியாமல் விட்ட ஒரு கேள்விதான் பிறகு என் முனைவர் பட்ட ஆய்வாக ஆனது.

பதில்: பெருநகரப் பல்கலைக்கழகம், முனைவர் பட்டம் முடித்தவர்

அண்ணா, உங்களுக்கு வாய்த்தது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. நான் பெயருக்காகத்தான் போனேன், எல்லோரும் அறிந்த பெயர். அந்த சென்செய் துறையில் பெரிய ஆள், லேபில் அவ்வளவு கூட்டம். அவரை ஜெமியில் பார்ப்பதே அபூர்வம். எங்களைக் கவனித்தது உதவிப் பேராசிரியர். நல்ல மனிதர், ஆனால் அவருக்கே பதவி ஒப்பந்தம் எப்போது முடியும் என்ற கவலை.

இரண்டு விஷயங்களைப் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும். ஒன்று, ஆங்கிலவழிப் படிப்பு என்றால் வகுப்பு ஆங்கிலத்தில் இருக்கும், அவ்வளவுதான். 2009இல் அரசின் குளோபல் 30 திட்டத்தில் 13 பல்கலைக்கழகங்கள் ஆங்கிலவழிப் படிப்புகளைப் பெருக்கத் தொடங்கின. அதனால் ஜப்பானிய மொழி தெரியாமலே பட்டம் வாங்க முடியும் என்பது உண்மை. ஆனால் எங்கள் ஜெமி முழுக்க ஜப்பானிய மொழியில் நடந்தது. என் முறை வரும்போது மட்டும் எல்லோரும் ஆங்கிலத்துக்கு மாறுவார்கள், கேள்வி கேட்பது பாதியாகக் குறைந்துவிடும். மற்றவர்களின் ஆய்வை அலசும்போது எவ்வளவு கற்றுக்கொள்ள முடியும்! அதெல்லாம் என் காதில் விழுந்தும் புரியாமல் போனது. சென்னையிலேயே ஜேஎல்பிடி என்னும் ஜப்பானிய மொழித்திறன் தேர்வு எழுதலாம், ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. அதில் கீழிருந்து இரண்டாம் நிலையான என்4 அளவாவது முடித்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்று சென்செயின் வயது. தேசியப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் 65 வயதில் ஓய்வு, மார்ச் மாதத்தோடு கிளம்பிவிடுவார்கள். எனக்கு முனைவர் பட்டத்தின் இரண்டாம் ஆண்டு முடிவில் அது நடந்தது. கடைசி விரிவுரை, பூங்கொத்து, பழைய மாணவர்கள் கூட்டம் என்று லேபே திருவிழாவாக இருந்தது. ஏப்ரலில் நான் வேறு லேபில், வேறு தலைப்பை நோக்கி வளைந்துகொண்டிருந்தேன். மூன்று ஆண்டுப் படிப்பு நீண்டுபோனது, உதவித்தொகையோ நீளவில்லை. சேரும்போது இதை எனக்கு யாரும் சொல்லவில்லை என்பதில் இன்றைக்கும் கோபம் உண்டு. முனைவர் பட்டத்துக்கு ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும்போது, நான் இத்தனையாவது ஆண்டில் ஓய்வு பெறுவேன் என்று சொல்வது குறைந்தபட்ச நேர்மை.

பதில்: யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், ஃபுகுஓக்கா

நீங்கள் எல்லாம் மேற்படிப்புக்கு வந்தவர்கள். இலங்கையிலிருந்து வருகிற எங்களில் கனபேர் வருவது ஜப்பானிய மொழிப் பாடசாலைக்கு. அதில் கூடியது இரண்டு வருடம் இருக்கலாம். அதற்குள் மொழியைப் பிடித்து, தொழிற்கல்லூரிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ போக வேண்டும். கடன் வாங்கிக் கட்டணம் கட்டித்தான் வந்தேன். மாணவர் விசாவில் வாரம் 28 மணித்தியாலம் வேலை செய்யலாம், நீண்ட விடுமுறையில் ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம். மணிக்கு ஆயிரம் யென் என்று வைத்தால் மாதம் ஒரு லட்சத்துச் சொச்சம் வரும். வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்புறுதி, போன் போக, அடுத்த வருடக் கட்டணத்துக்கு என்ன மிஞ்சும்? வாறதுக்கு முதல் இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வேலை செய்து படிக்கலாம் என்று சொல்லி அனுப்புகிற முகவர்கள் இந்தக் கணக்கைக் காட்டுவதில்லை.

நான் இரவில் பெந்தோ சாப்பாடு அடைக்கிற தொழிற்சாலையில் நின்றுவிட்டு, காலையில் வகுப்பில் தூங்கினேன். எங்கள் வகுப்பு ஆசிரியை ஐம்பது வயதுப் பெண்மணி. ஒருநாள் பாடசாலை முடிந்த பிறகு என்னை இருத்தி, வரவுப் பதிவேட்டைத் திறந்து காட்டினா. வரவு குறைந்தால் விசா புதுப்பிக்க மாட்டார்கள் என்று எனக்கு விளங்குகிற மெதுவான ஜப்பானிய மொழியில் சொன்னா. பிறகு நான் எங்கே என்ன நேரம் வேலை செய்கிறேன் என்று கேட்டு, ஒரு தாளில் என் கிழமையை வரைந்தா. இரவு வேலையை விட்டுவிட்டுப் பின்னேர வேலையாகத் தேடச் சொன்னா, தேடவும் உதவினா.

இஜேயூ என்கிற பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சை ஜூனிலும் நவம்பரிலும் நடக்கும். ஜப்பானிய மொழியோடு கணிதமும், கலைப்பிரிவுக்கு ‘ஜப்பானும் உலகமும்’ என்கிற பாடமும் இருக்கும். அந்தப் பாடத்துக்கு எங்கள் பாடசாலையில் வகுப்பே இல்லை. அவ பழைய வினாத்தாள்களைக் கொண்டுவந்து, தன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எனக்கும் ஒரு நேபாளப் பெடியனுக்கும் படிப்பித்தா. தனியாரில் இடம் கிடைத்தபோதும், கட்டணத்தைப் பார்த்துத் தேசியப் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பிக்க வைத்தது அவதான். அங்கே வருமானம் குறைந்தவர்கள் கட்டண விலக்குக் கேட்கலாம், பாதியோ முழுசோ கிடைக்கும். எனக்குப் பாதி கிடைத்தது. பட்டமளிப்புக்கு அவவைத்தான் அழைத்தேன்.

பதில்: கோயம்புத்தூர், பொறியியல் இறுதியாண்டு

மூன்று பேருக்கும் நன்றி. எனக்கு ஒரு சந்தேகம். சென்செய்க்கு எழுத ஆசை, ஆனால் அவர் எப்படிப்பட்டவர், எவ்வளவு காலம் இருப்பார் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு எப்படித் தெரிந்துகொள்வது? பணத்துக்கு ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகையைத்தான் நம்பியிருக்கிறேன்.

தொடங்கி வைத்தவரின் பதில்:

தம்பி, நிறையவே தெரிந்துகொள்ளலாம். காக்கென் என்று அரசு ஆய்வு நிதிக்கான தரவுத்தளம் இருக்கிறது, ஆங்கிலத்திலும் தேடலாம். சென்செயின் பெயரைப் போட்டால் எந்த ஆய்வுக்கு, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எத்தனை யென் நிதி என்று வரும். நிதி ஓடிக்கொண்டிருக்கும் லேபில்தான் கருவிக்கும் மாநாட்டுக்கும் வழி இருக்கும். ரிசர்ச்மேப் என்ற தளத்தில் பலர் தங்கள் பட்டம் வாங்கிய ஆண்டைப் போட்டிருப்பார்கள். அதை வைத்து வயதைக் கணக்கிடலாம். அப்புறம் லேபின் சொந்தப் பக்கத்தில் உறுப்பினர் பட்டியலைப் பார். வெளிநாட்டு மாணவர்கள் இருக்கிறார்களா, பழைய மாணவர்கள் படித்து முடித்தார்களா, நடுவில் காணாமல் போனார்களா என்று தெரியும். அங்கே இப்போது படிக்கும் ஒருவருக்கு எழுதி, ஜெமி எந்த மொழியில் நடக்கிறது என்று கேள். ஓய்வு பெறும் ஆண்டை சென்செயிடமே மரியாதையாகக் கேட்கலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மெக்ஸ்ட்டில் முதுகலைக்கு மாதம் 1,44,000 யென், முனைவர் பட்டத்துக்கு 1,45,000 யென், கட்டணமும் விமான டிக்கெட்டும் அவர்கள் பொறுப்பு. தூதரகம் வழியாகப் போனால் எழுத்துத்தேர்வும் நேர்காணலும் இருக்கும், அதில் தேறிய பிறகு சென்செயின் சம்மதக் கடிதம் வாங்க வேண்டும். பல்கலைக்கழகம் வழியாக என்றால் சென்செய் உன்னை முன்மொழிய வேண்டும். இரண்டிலும் அவரில்லாமல் நகராது. கிடைக்காவிட்டாலும் கதவு மூடிவிடாது. தேசியப் பல்கலைக்கழகங்களின் அடிப்படைக் கட்டணம் 2005இலிருந்து ஆண்டுக்கு 5,35,800 யென்னாகவே நிற்கிறது, சேரும்போது 2,82,000 யென் தனி. ஆனால் தோக்கியோ பல்கலைக்கழகம் 2025இல் சேர்ந்த இளங்கலை மாணவர்களிலிருந்து 6,42,960 ஆக்கிவிட்டது. வெளிநாட்டு மாணவர்களிடம் கூடுதலாக வாங்கவும் 2024இல் அரசு விதியைத் தளர்த்தியிருக்கிறது. அதனால் நீ சேரப்போகும் ஆண்டின் கட்டணத்தை அவர்கள் பக்கத்திலேயே பார்த்துக்கொள்.

மின்னஞ்சல் சுருக்கமாக இருக்கட்டும். அவருடைய ஒரு கட்டுரையை உண்மையிலேயே படித்து, அதில் உனக்கு எழுந்த ஒரு கேள்வியைக் கேள். ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பினால் இரண்டாவது வரியிலேயே அவர்களுக்குத் தெரிந்துவிடும். வருகிற அக்டோபரில் சேர நினைத்தால் இப்போதே எழுது. இரண்டு வாரம் பதில் வரவில்லை என்றால் இன்னொரு முறை எழுது. மார்ச், ஏப்ரலில் அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. உன் ப்ராஜெக்ட் என்ன என்று இங்கேயே சொல், அந்தத் துறையில் இருப்பவர்கள் யாராவது லேப் பெயர் சொல்வார்கள்.