வவுனியாவிலிருந்து ஒருநாள் பயணம்: பழைய வீடு ஏதும் மிச்சமிருக்கிறதா?

கேள்வி: அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிட நினைக்கிறேன். காலிக் கோட்டை மாதிரி, ஆட்கள் இன்னும் குடியிருக்கும் பழைய தெரு வன்னியில் உண்டா?

பதில் 1: அப்படி இல்லை தம்பி. 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறிய காலி வேறு கதை. மன்னார்ப் பக்கம் அரிப்பு என்ற கடலோர ஊருக்குப் போங்கள். ஆங்கிலேய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்க்கவென்று கட்டிய வீடு கடலோரம் நிற்கிறது. நிற்கிறது என்றால், சுவர்கள்தான். மிச்சத்தைக் கடல் அரித்துவிட்டது. நான் போனபோது வெயில் மண்டையைப் பிளந்தது. குடை கட்டாயம்.

பதில் 2: திரும்பும்போது மன்னார்க் கோட்டையையும் பாருங்கள். போர்த்துக்கேயர் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் பிடித்தது.

கேட்டவர்: "கூரையில்லாத வீடு பார்க்கவோ இவ்வளவு தூரம்? எங்கட பழைய வளவிலேயே ஒன்று நிற்குதே" என்கிறா அம்மம்மா. சரி, சனிக்கிழமை விடிய வெளிக்கிடுகிறோம்.