ஆரோராவுக்குச் சனியா, ஞாயிறா?

முருகன்: (ஃபார்வர்டு) டெக்சாஸில் செவ்வாய் கிரகவாசி சமாதி!! 1897இல் விழுந்த பறக்கும் கப்பல்!

முருகன்: அண்ணே, இப்போது டல்லாஸில்தானே இருக்கிறீர்கள். நிஜமா?

கார்த்தி: ஆரோரா என்ற ஊர் சித்தப்பா, ஃபோர்ட் வொர்த் தாண்டி. சனிக்கிழமை அப்பா அம்மாவைக் கூட்டிப் போகிறேன். மீனா, நீங்களும் வருகிறீர்களா? இன்றே சொல்

லட்சுமி: சனிக்கிழமை அனுமார் கோயில்

நடராஜன்: முருகா, முதலில் செய்தியைக் கேள். 1897 ஏப்ரல் 19, டல்லாஸ் மார்னிங் நியூஸ். எழுதியவர் ஹேடன், அந்த ஊர்ப் பருத்தி வியாபாரி. விடிகாலை ஆறு மணிக்கு ஒரு வான்கப்பல் தாழப் பறந்து வந்து நீதிபதி பிராக்டரின் காற்றாலையில் மோதிச் சிதறியதாம். தண்ணீர்த் தொட்டியும் பூந்தோட்டமும் நாசம். ஓட்டி வந்தவர் இந்த உலகத்து ஆளே இல்லையாம். நாளை நண்பகல் அடக்கம் என்று முடித்துவிட்டார்.

மீனா: அப்புறம்?

நடராஜன்: அதே பக்கத்தில் இன்னும் பல ஊர்களில் வான்கப்பல் பார்த்ததாகச் செய்திகள். 1896 நவம்பரில் கலிபோர்னியாவின் சேக்ரமெண்டோவில் கிளம்பிய பேச்சு இது. ரைட் சகோதரர்கள் பறந்ததே 1903இல்!

முருகன்: சமாதி இருக்கா இல்லையா

கார்த்தி: கல்லறைத் தோட்டத்தில் அரசுப் பலகை இருக்கிறது. வழங்கிவரும் கதை என்றுதான் போட்டிருக்கிறார்கள்

நடராஜன்: ஊரின் நிலைமையையும் பார். வரவேண்டிய ரயில் வரவில்லை. காய்ச்சலில் சனம் செத்தது, மிச்சம் பேர் ஊரைவிட்டுப் போனார்கள். ஊர்ப் பெயர் நாலு பேர் வாயில் வரட்டும் என்று ஹேடன் கட்டிவிட்டதாக எட்டா பீகஸ் என்ற பாட்டி 1979இல் டைம் பத்திரிகையிடம் சொன்னார். அந்த நீதிபதியிடம் காற்றாலையே கிடையாது என்றார். எனக்கு ஹேடன் மேல் கோபம் வரவில்லை. கண் முன்னால் ஊர் காலியானால் மனுஷன் எதையாவது செய்யத்தானே பார்ப்பான்?

முருகன்: உடைசலைக் கிணற்றில் போட்டார்களாமே

முருகன்: கிணறு என்றதும் ஞாபகம் வருது, நம் கிணற்றுப் பங்கு எழுத்து இன்னும் முடியவில்லை அண்ணே

லட்சுமி: அதை இங்கே பேசவேண்டாம் தம்பி

முருகன்: வேறு எங்கே மதினி பேசுவது

நடராஜன்: ஊருக்கு வந்ததும் பேசுவோம்

ரவி: எனக்குச் சனிக்கிழமை டியூட்டி. ஞாயிறு என்றால் ஹூஸ்டனிலிருந்து நாங்களும் வருவோம்

கார்த்தி: ஞாயிறு சரியா அம்மா?

லட்சுமி: நாலரைக்கு ராகு காலம். அதற்குள் வீட்டுக்குத் திரும்பணும். புளியோதரை எத்தனை பேருக்கு?

நடராஜன்: அந்தப் பலகையை நின்று வாசிக்க எனக்கு அரை மணி நேரமாவது வேண்டும்

மீனா: பிள்ளைகளுக்குத் தயிர்சாதம்

கார்த்தி: யாராவது நாளைச் சொல்லுங்கள்