மலையிலிருந்து கல்லூரி வாசல் வரை: பின்தங்கிய பிள்ளைகளைக் கூட்டிப் போனவர்களும் கல்லூரியில் சேர்ந்தவர்களும் பேசுகிறார்கள்

வணிகவியல் ஆசிரியை, ஏற்காடு

நவம்பர் பிறந்தால் எங்கள் ப்ளஸ் டூ வகுப்பில் பெஞ்சுகள் காலியாகத் தொடங்கும். காப்பிப் பழம் பறிக்கிற பருவம். அம்மா எஸ்டேட்டுக்குப் போனால் தம்பி தங்கையைப் பார்த்துக்க ஆள் வேணும். சில பையன்கள் பறிக்கவே போய்விடுவார்கள். காப்பி ஓய்ந்தால் மிளகு. நடுவில் அரையாண்டுத் தேர்வு. ஜனவரியில் திரும்பி வருகிறவர்களை ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் சேர்த்து மாலை வகுப்பில் உட்கார வைக்கிறோம். வர முடியாத பிள்ளைக்கும் வந்தும் புரியாத பிள்ளைக்கும் ஒரே பட்டியல், ஒரே மருந்து. இதை முதலில் பிரிக்கணும்.

போன வருஷம் ஒரு பெண். கணக்குப்பதிவியலில் திருப்புதல் தேர்வுக்குத் திருப்புதல் தேர்வு ஒற்றை இலக்கம்தான். முதல் பாடமே ‘முழுமை பெறா பதிவேடுகளிலிருந்து கணக்குகள்’. நிலை அறிக்கை, அதாவது ஒரு நாளில் கடையின் சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு என்ற பட்டியல் என்றாலே தலையைக் குனிந்துகொள்வாள். அவள் ஊரில் அம்மா சின்ன மளிகைக் கடை வைத்திருப்பது தெரியும். “உங்க கடைக்குக் கணக்கு யாரு எழுதறது?” என்று கேட்டேன். “கணக்கெல்லாம் இல்லீங்க மிஸ். காலண்டர் தாளுக்குப் பின்னாடி அம்மா கடன் மட்டும் எழுதி வைப்பாங்க.”

அந்தத் தாள்களையே எடுத்து வரச் சொன்னேன். தை மாசம் கடையில் என்ன சரக்கு, கையில் எவ்வளவு, யார் யார் பாக்கி, மொத்தக் கடைக்காரருக்கு நாம் தர வேண்டியது எவ்வளவு என்று அவளே சொல்லச் சொல்லப் பலகையில் எழுதினோம். மார்கழிக் கணக்கையும் அதே மாதிரி. சொத்தில் கடனைக் கழித்து மிஞ்சுவதுதான் முதல்; மார்கழியில் இருந்தது தொடக்க முதல், தையில் இருந்தது இறுதி முதல். “இறுதி முதல்ல தொடக்க முதலைக் கழிச்சா லாபமா?” என்றேன். கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தாள். “இல்ல மிஸ், அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் வீட்டுக்குக் கடையிலதான் எடுத்தோம். எடுக்காம இருந்திருந்தா கடையிலதானே இருந்திருக்கும்? அதையும் கூட்டணும்.” எடுப்புகளை, அதாவது வீட்டுக்கு எடுத்ததை, ஏன் கூட்டுகிறோம் என்று இதைவிடத் தெளிவாக நான் எந்த வருஷமும் நடத்தியதில்லை.

குறைந்தபட்சக் கையேட்டை மனப்பாடம் செய்ய வைத்தால் 35 வாங்கி விடுவார்கள். ஆனால் முதல் செமஸ்டரிலேயே அரியர் விழும், இரண்டாவதில் கல்லூரிக்குப் போவதே நின்றுவிடும். அப்படி நின்றவர்களை எஸ்டேட் ரோட்டில் பார்க்கிறேன். ஒரு பாடத்தையாவது உள்ளே இறங்கிப் புரிந்துகொண்ட பிள்ளைதான் கல்லூரியில் தாக்குப் பிடிக்கிறது. ஆகவே மாலை வகுப்பில் எல்லாப் பாடத்தையும் தொட்டுத் தொட்டுப் போகாதீங்க.

இரண்டாம் ஆண்டு மாணவி, சேலம் கோரிமேடு மகளிர் கலைக் கல்லூரி

மிஸ் சொன்னது ஒரு பாதி. எங்களை மாதிரி மலையாளிப் பழங்குடிப் பிள்ளைங்களுக்கு இன்னொரு பாதி சாதிச் சான்று. பழங்குடியினர் சான்று தாசில்தார்கிட்ட முடியாது, கோட்டாட்சியர்தான் கொடுக்கணும். விசாரணை எல்லாம் முடியறதுக்கு நாளாகும். என்கூடப் படிச்சவ ரிசல்ட் வந்த பிறகு மே மாசத்துல விண்ணப்பிச்சா, அதுக்குள்ள கலந்தாய்வே முடிஞ்சுபோச்சு. அவ என்னைவிட நல்ல மார்க். எங்க சார் ப்ளஸ் ஒன்லயே என்னை இ-சேவை மையத்துக்குக் கூட்டிட்டுப் போய்ப் பதிய வெச்சாரு, அதனால தப்பிச்சேன்.

ஏற்காடு பஸ் எங்க காலேஜ் வழியாத்தான் போகும். ஆனா இருபது கொண்டை ஊசி வளைவையும் தெனமும் ஏறி இறங்கிப் படிக்க முடியலை, விடுதியில சேர்ந்துட்டேன். புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய் என் கணக்குக்கே வருது. வீட்டுல கேக்காம நோட்டு, ஜெராக்ஸ் செலவைச் சமாளிக்கறேன். ஆறாவதுல இருந்து பன்னிரண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சிருந்தா இது உங்க உரிமை, கூச்சப்படாம கேளுங்க.

கொலுசுப் பட்டறைத் தொழிலாளி, சேலம் செவ்வாப்பேட்டை

என் பையன் ப்ளஸ் டூவுல ரெண்டு பாடத்துல ஃபெயிலாயிட்டான். மறுநாளே என்கூடப் பட்டறைக்கு வந்து பத்தவைக்க உக்காந்துட்டான். “கைத்தொழில் இருக்குல்ல, விடு”ன்னு எங்க வீட்டுலயே சொன்னாங்க. எனக்குத்தான் மனசு கேக்கலை. பள்ளிக்கூடத்துல இருந்து போன் வந்துச்சு, மேல படிக்க வழி சொல்ற ‘உயர்வுக்குப் படி’ முகாமுக்குக் கூட்டிட்டு வாங்கன்னு. ஃபெயிலான பிள்ளையைத் திட்டத்தான் கூப்பிடறாங்கன்னு அவன் வர மாட்டேன்னான். போனா, காலேஜ்காரங்க, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ., பேங்க் எல்லாம் ஒரே எடத்துல. ஒரு மேடம் அவனை உக்கார வெச்சு, ஜூன் கடைசியில துணைத்தேர்வு இருக்கு, பாஸ் பண்ணினா இதே வருஷமே சேந்துக்கலாம்னு சொன்னாங்க. அந்த ஒரு வார்த்தைதான் அவனுக்குத் தெரியாம இருந்துச்சு. ராத்திரி ராத்திரி படிச்சான். இப்போ அரசு கலைக் கல்லூரியில பி.ஏ. பொருளாதாரம். புதுமைப் பெண் மாதிரியே பசங்களுக்கு இருக்கற தமிழ்ப் புதல்வன் திட்டப் பணம் வருது.

சின்னவன் பத்தாவது படிக்கிறான் டீச்சர். இப்பவே என்ன எடுத்து வைக்கணும்?

வணிகவியல் ஆசிரியை, ஏற்காடு

அண்ணா, முதலில் பையனின் ஆதாரையும் பள்ளிப் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகணும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சாவதற்கு முன்னால் திருத்துவது சுலபம், அப்புறம் பெரிய அலைச்சல். அவன் பெயரிலேயே வங்கிக் கணக்கு தொடங்கி ஆதாரை இணைச்சிடுங்க. சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டுக்கும் கோடை விடுமுறையிலேயே விண்ணப்பிச்சிடலாம். வீட்டில் இதுவரை யாரும் டிகிரி முடிக்கலைன்னா முதல் பட்டதாரிச் சான்றும் வாங்கிக்கலாம்; இன்ஜினியரிங் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. பெரியவன் முதலில் முடித்துவிட்டால் அது சின்னவனுக்குக் கிடைக்காது. அதை மட்டும் கணக்கில் வெச்சுக்கோங்க.