தூரா யூரோப்போஸ், 19-ஆம் கோபுரம்: நச்சுப்புகையா, வெறும் தீயா?

பழங்காசு: இன்றைய சிரியாவில், யூப்ரடீஸ் கரையில் கி.மு. 300 வாக்கில் செலூக்கியக் கிரேக்கர்கள் நிறுவிய தூரா யூரோப்போஸ் ஊரைப் பற்றிப் பேச வருபவர்கள் எல்லாரும், முற்றுகையிட்ட சாசானியப் பாரசீகர்கள், ஊரைக் காத்த ரோமானியரை நச்சுப்புகையால் கொன்றார்கள் என்ற ஒரே பாட்டைப் பாடுவது எரிச்சலூட்டுகிறது. 19-ஆம் மதிற்கோபுரத்தின் அடியில் பாரசீகர் தோண்டிய சுரங்கத்தில் கந்தகமும் நிலக்கீலும் கிடைத்தது உண்மைதான். ஆனால் சுரங்கத்தைத் தாங்கிய முட்டுமரங்களைக் கொளுத்திக் கோபுரத்தைச் சரிக்கவும் அவையே போதும்.

மதிற்காவலன்: அப்படியானால் அதைத் தடுக்க ரோமானியர் தோண்டிய எதிர்ச்சுரங்கத்தின் வாயருகே ஏறத்தாழ 20 ரோமானியர் ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்தது எப்படி? பாரசீகரின் சுரங்கம் தாழ்வாகவும் ரோமானியருடையது மேலாகவும் இருந்ததால் புகை தானே மேலேறியது என்று தொல்லியலாளர் சைமன் ஜேம்ஸ் 2009-இல் விளக்கியதைப் படித்துவிட்டு வாருங்கள்.

பழங்காசு: படித்துவிட்டுத்தான் வந்தேன். 1930-களில் அந்தச் சுரங்கத்தைத் தோண்டிய து மெனில் து புய்சோன், பின்வாங்கிய வீரர்கள் உள்ளே இருக்கும்போதே ரோமானியர் வாயிலை அடைத்துவிட்டார்கள் என்றார். நேரில் தோண்டியவர் சொல்வதை, குறிப்பேட்டைப் புரட்டியவருக்காகத் தள்ளிவிட வேண்டுமா? கந்தகம் முட்டுமரத்துக்குத்தான்.

மதிற்காவலன்: குறிப்பேட்டைப் புரட்டுவதை இழிவாகப் பேசும் தாங்கள், எந்தப் பாலைவனத்தில் மண்வெட்டி பிடித்தீர்கள் ஐயா? சங்கிலிக் கவசம் மார்புவரை சுருண்ட நிலையில் தனியே கிடந்த அந்தப் பாரசீக வீரன், தான் மூட்டிய புகையிலேயே சிக்கியவன்.

பழங்காசு: யாரோ காலைப் பிடித்து இழுத்தாலும் கவசம் சுருளத்தான் செய்யும். கந்தகம் முட்டுமரத்துக்கு.

யாத்ரீகன்: முற்றுகைக்கு அஞ்சி ரோமானியர் மேற்கு மதிலையொட்டி மண்ணைக் கொட்டியதால்தான் கி.பி. 245-ஐ ஒட்டித் தீட்டப்பட்ட யூதத் தொழுகைக்கூடத்தின் ஓவியங்கள் பிழைத்தன. அவை டமாஸ்கசில் இருக்க, வழிபாட்டுக்கூடமாக மாற்றப்பட்ட கிறிஸ்தவ வீட்டின் ஓவியங்களை யேல் பல்கலைக்கழகம் கொண்டுபோனதையும், 2011-க்குப் பின் கொள்ளையர் ஊரையே குழிகளாக்கியதையும் விட்டுவிட்டுக் கந்தகத்துக்காக அடித்துக்கொள்கிறீர்களே!

மதிற்காவலன்: சிரியாவின் இன்னொரு பழைய நகரான பால்மைராவைப் பற்றிப் பேசியபோதும் நடுவில் புகுந்து இப்படித்தான் திசைதிருப்பினீர்கள். யேல் கொண்டுபோகாவிட்டால் அதுவும் அந்தக் குழிகளில் போயிருக்கும்.

யாத்ரீகன்: திருட்டுக்கு நல்ல வக்காலத்து.

பழங்காசு: ஓவியச் சண்டையைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். கி.பி. 256-ஐ ஒட்டிய அந்த முற்றுகையை விவரிக்கும் பழைய ஏடு எதுவும் எஞ்சவில்லை. பிறகு கொல்லும் நோக்கத்தை எங்கிருந்து எடுத்தீர்கள்?

மதிற்காவலன்: கி.மு. 189-இல் கிரேக்க நகரான அம்ப்ராக்கியாவில் சுரங்கம் தோண்டிய ரோமானியரை இறகுப் புகையால் விரட்டியது ஏட்டில் இருக்கிறது. அறிந்த உத்தியைப் பாரசீகர் மட்டும் அறியாமல் இருந்தார்களா?

பழங்காசு: அம்ப்ராக்கியாவில் இறகு, இங்கே கந்தகம். அதுவும் முட்டுமரத்துக்கு.