மெரூன் ஜெர்சியில் வெள்ளை எழுத்து பிங்க் ஆகிறது

திருப்பூரில் சின்னதாக ஸ்கிரீன் பிரிண்டிங் செய்கிறேன். கபடி அணி ஒன்றுக்கு 40 மெரூன் பாலியெஸ்டர் ஜெர்சி. வெள்ளை பிளாஸ்டிசால் இங்க் (சூட்டில் இறுகும் பிளாஸ்டிக் மை), 160 டிகிரியில் கியூரிங், அதாவது மையைச் சூடாக்கி இறுக வைப்பது. சூட்டோடு எடுக்கும்போது பால் மாதிரி வெள்ளை. மூன்றாம் நாள் மடிப்பைப் பிரித்தால் ரோஸ் மில்க்! துணிச் சாயம்தான் சூட்டில் மேலே ஏறுகிறது.

140க்குக் குறைத்தேன். நிறம் நின்றது, ஆனால் துணியை இழுத்தால் எழுத்து வெடிக்கிறது. இரண்டு கோட் அடித்தேன், பிங்க் வர ஒரு நாள் கூடுதலாக ஆனது, அவ்வளவுதான். டிடிஎஃப் ஸ்டிக்கரை (ஃபிலிமில் அச்சடித்துச் சூட்டில் துணிக்கு மாற்றுவது) 150 டிகிரியில் 15 விநாடி ஒட்டினேன். அதிலும் லேசாகச் சாயம். சப்ளிமேஷனில் (சாயத்தைச் சூட்டில் ஆவியாக்கித் துணிக்குள் ஏற்றுவது) வெள்ளையே வராது, அதை விட்டுவிடலாம்.

மீதி 25 ஜெர்சி வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டும். அடியில் கிரே பிளாக்கர் (சாயம் மேலே ஏறாமல் தடுக்கும் சாம்பல் நிற மை), மேலே குறைந்த சூட்டிலேயே இறுகும் லோ கியூர் வெள்ளையா, பிளாக்கர் உள்ள டிடிஎஃப்பா: இதே துணியில் அடித்தவர்களுக்கு எது நின்றது?